சிலந்திக்கு வயிறு கிடையாது

பெங்களூரில் டிராஃபிக்குக்கு அடுத்தபடியாக நம்மை நின்ற இடத்திலேயே நிறுத்தி வைக்கக்கூடிய ஓர் இனம் உண்டு. பெயர் சொல்திருத்தி. வீடு பற்றி எரிகிறது என்று இவரிடம் ஓடிப்போய்ச் சொல்லிப் பாருங்கள், 'வீடு இல்லை, ஃபிளாட்' என்பார். பிரியாணி பரிமாறினால், 'இதற்குப் பெயர் புலாவ்' என்று பரிமாறுகிறவரைத் திருத்திவிட்டு, அதையே மூன்று முறை வாங்கிச் சாப்பிடுவார். கெட்டவரா? இல்லவே இல்லை. அதுதான் கஷ்டம்.

காக்ஸ் டவுனில் இந்த இனத்தில் டெஸ்மண்ட்டை மிஞ்ச ஆள் இல்லை. உயிரியல் வாத்தியார். போன ஜனவரியில் அவருடைய தங்கை சிந்தியாவின் மகள் ஆஞ்சலாவுக்குக் கல்யாணம். அப்பா இல்லாத பெண், அதனால் கைபிடித்து மாதா கோயிலுக்குள் அழைத்துப்போக வேண்டியவர் தாய்மாமன் டெஸ்மண்ட்தான். ஆஞ்சலாவுக்குக் காலையிலிருந்தே நடுக்கம். அத்தனை பேர் பார்க்க நடக்கும்போது கால் தடுக்கிவிடுமோ என்று பத்துத் தடவை கேட்டுவிட்டாள்.

வாசலில் கார் வந்தாயிற்று. ஜன்னலோரம் தொங்கிய முக்காட்டை எடுத்துச் சிந்தியா மகள் தலையில் பொருத்தினாள். பொருத்தியவள் அலறினாள்.

"ஐயோ, சிலந்திடீ! வயிறு எவ்ளோ பெருசு!"

ஆஞ்சலா சிலையானாள். சிறு வயதிலிருந்தே அவளுக்குச் சிலந்தி என்றால் மூச்சே வராது. முக்காடோ வெள்ளை. அடித்தால் கறை.

டை கட்டிக்கொண்டிருந்த டெஸ்மண்ட் திரும்பினார். காப்பாற்றுவார் என்றுதானே நினைக்கிறீர்கள்? சிந்தியாவும் அப்படித்தான் நினைத்தாள்.

"வயிறு இல்ல சிந்தியா. சிலந்திக்கு வயிறுன்னு சொல்லக்கூடாது. பின்பக்கம் இருக்கிறது ஒபிஸ்தோசோமா."

"என்ன சோமாவோ, அத எடுண்ணா மொதல்ல!"

"முன்பக்கம் காலெல்லாம் ஒட்டியிருக்கே, அது வேற. நூல் வர்றது பின்பக்கத்துலேர்ந்து. அவ்ளோ ஏன், அதோட இதயமே அங்கதான் இருக்கு. இதயம் இருக்கிற எடத்தப் போய் வயிறுன்னு சொல்லலாமா?"

"மாமா," ஆஞ்சலா உதடு அசையாமல் சொன்னாள், "என் இதயம் நின்னுரும் போல இருக்கு."

"மேடம், டைம் ஆய்த்து!" என்று வாசலில் டிரைவர் குரல் கொடுத்தார்.

டெஸ்மண்ட் அசைவாரா? எல்லோருக்கும் தெளிவாகத் தெரியட்டும் என்று கிட்டே போய், அந்தப் பின்பாகத்தை விரலால் சுட்டிக் காட்டினார். சிலந்திக்கு விரல் பிடித்துப் போயிற்று. ஒரே தாவு. விரல், மணிக்கட்டு, கோட்டுக் கை, உள்ளே.

அடுத்த நொடி வாத்தியார் சோபாமேல் நின்றார்.

"வயித்துல! ஐயோ, வயித்துல ஓடுது!"

"யாரு வயித்துல?" என்று அவர் மனைவி டோரீன் நிதானமாகக் கேட்டாள். கேட்டபடியே அவர் சட்டைப் பொத்தான்களைக் கழற்றி, சிலந்தியை டம்ளரால் மூடிப் பிடித்து, பால்கனிச் செடியில் விட்டுவிட்டு வந்தாள்.

முதலில் சிரித்தது ஆஞ்சலா. கண்மை கரையக் கரையச் சிரித்தாள். சிந்தியா திரும்ப மை போட்டாள். மகள் திரும்பவும் சிரித்தாள். காரிலும் அடங்கவில்லை.

கோயில் வாசலில் மாமன் கையைப் பிடித்தபோது அவளுக்குத் துளி நடுக்கமில்லை. அவர் கைதான் உதறிக்கொண்டிருந்தது.

"பயந்துட்டேன் கண்ணு," என்றார் மெதுவாக.

"நான் பிடிச்சிக்கிறேன், வாங்க மாமா."

அன்றைக்கு டெஸ்மண்ட் சொன்னதில் யாரும் மறுபேச்சுப் பேசாத வார்த்தை அந்த 'பயந்துட்டேன்' ஒன்றுதான். திருந்திவிட்டாரா? சாயங்காலம் கேக் வெட்டியதுமே, இது பிளம் கேக்கா ஃப்ரூட் கேக்கா என்று சம்பந்தியைப் பிடித்துக்கொண்டார்.

நீங்கள் இப்படியெல்லாம் இல்லை. நல்லது. ஒன்று மட்டும் சொல்லுங்கள். நேற்று வீட்டில் யாரோ 'நெஞ்சு எரியுது' என்றபோது, 'எரியறது நெஞ்சு இல்லை, உணவுக்குழாய்' என்று விளக்கியது யார்? விளக்கம் சரிதான். எழுந்து போய் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தீர்களா?