கோவாக் களிம்பும் மேற்படி இடமும்

உலகில் நாகரிகம் பிறந்த இடங்கள் பல உண்டு. ஆனால் அந்த நாகரிகம் வெட்கப்படக் கற்றுக்கொண்டது எங்கள் ஆலஞ்சள்ளையில்தான் என்பதை, அவ்வூர் 'சர்வஜன சரும க்ஷேம சபை'யின் காரியதரிசி என்ற முறையில் அடக்கத்தோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

ஆலஞ்சள்ளை பாலக்காட்டுக்குக் கிழக்கே, வாளையார்க் காட்டின் காற்று படும் தூரத்தில் இருக்கிறது. 1929-ஆம் வருஷத்து மழை எங்களுக்கு நெல்லோடு சேர்த்துப் படர்தாமரையையும் தந்தது. நாளெல்லாம் ஈரக் கோவணத்தோடு சேற்றில் நின்ற குடியானவர்களுக்கு அது வந்ததில் வியப்பில்லை. கம்பளிக் காற்சட்டை போட்டுக் கோர்ட்டுக்குப் போய்வந்த எங்கள் ஊர் நிலச்சுவான்தார், பண்ணாடி குப்பண்ணன் அவர்களுக்கும் வந்ததுதான் வியப்பு. ஆஸ்தி பாராமல், அந்தஸ்து பாராமல் எல்லாரையும் ஒரே இடத்தில் பற்றிய அந்த நோயைப் போலச் சமத்துவம் தெரிந்தது எங்கள் பக்கத்தில் வேறொன்றும் இல்லை.

தமக்கு வந்ததாகப் பண்ணாடி ஒருபோதும் சொன்னதில்லை. கால்களை அகட்டி அகட்டி நடந்தார். அதை நாங்கள் அதிகார நடை என்று எடுத்துக்கொண்டோம்.

"சனங்க படற பாட்டைப் பாக்கச் சகிக்கலீங்க," என்றார் ஒருநாள் என்னிடம். "கோயமுத்தூர்ல கோவாக் களிம்புன்னு ஒண்ணு விக்குதாமா. ஒரு பொட்டி வரவழைச்சு எல்லாத்துக்கும் குடுத்துப் போடலாம்."

"சனங்களுக்குத்தானுங்களே?" என்று கேட்டேன்.

"பின்னே எனக்கா?" என்று சீறினார். சீறியபின் மேஜையின் விளிம்போடு மிகவும் ஒட்டி நின்றுகொண்டார்.

இவ்வாறு பிறந்ததே சபை. தலைவர் பண்ணாடி. உபதலைவர், கல்பாத்தியிலிருந்து எங்கள் ஊரில் நிலம் வாங்கி வந்திருந்த, பள்ளிக்கூடப் பரீட்சகராக இருந்து ஓய்வு பெற்ற அனந்தநாராயண ஐயர். களிம்பு வந்து சேர்ந்ததும், அதைப் பூசும் முறையை விளக்குவதற்குப் பாலக்காட்டுத் தர்ம ஆசுபத்திரியின் கம்பவுண்டர் சுவக்கீனை வரவழைத்தோம். அவர் கெட்டிக்காரர்தான். ஆனால் சபை நாகரிகம் அறியாதவர்.

"இது வீரியமான மருந்துங்க," என்று ஆரம்பித்தார். "பூசற வெதம் தெரியாமப் பூசினா அரிப்பைவிட மருந்து கொடுமை. தொடையிடுக்குல பூசும்போது..."

"நிறுத்தும் ஓய்!" என்று எழுந்துவிட்டார் ஐயர். "சபையிலே வந்து இப்படியொரு வார்த்தை சொல்லலாமோ? நாளைக்கு ஸ்த்ரீகள் காதிலே விழுந்தா என்னாறது?"

"வைத்தியத்துக்குச் சொல்றதுங்க, சாமி."

"வைத்தியமானா என்ன? தொடைன்னா, யாப்பிலே வர்ற தொடைன்னு வெச்சுண்டு மன்னிச்சுடலாம். அந்த இடுக்குக்கு இலக்கணத்திலே எடமே இல்லை!"

இலக்கணத்தில் இடமில்லாத இடத்தில் மருந்து தடவுவது எப்படி என்று சபை ஆழ்ந்து யோசித்தது. யோசிக்கும்போது உறுப்பினர்கள் அனைவரும் நாற்காலியில் இப்படியும் அப்படியும் அசைந்தார்கள். விஷயத்தின் கனம் அப்படி. சுவக்கீன் மேற்கொண்டு பேச வாயைத் திறந்தபோதெல்லாம் ஐயர் இருமினார். கடைசியில் கம்பவுண்டர், "கண் காக்கவும். கையைக் கழுவவும். எரிந்தால் நிறுத்தவும்" என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி வைத்துவிட்டு வண்டியேறிப் போனார்.

அதைச் சபை வரிவரியாகப் பரிசீலித்தது. 'கண் காக்கவும்' என்பதில் எழுத்து விட்டுப்போயிருப்பதை ஐயரின் கூரிய பார்வை கண்டுபிடித்து, 'கண்ணியம் காக்கவும்' என்று திருத்தியது. 'கையைக் கழுவவும்' என்றால் சபை பொறுப்பைக் கைகழுவுவது போலத் தொனிக்கிறது என்று அதை நீக்கினோம். 'எரிந்தால் நிறுத்தவும்' என்பதைக் கேட்டு, "நாம குடுக்கற மருந்து எரியும்னு நாமளே தமுக்கடிக்கறதுங்களா?" என்றார் பண்ணாடி. அதுவும் போயிற்று.

மிஞ்சியது அந்த இடம். அங்கேதான் அடியேனின் சிறு பங்களிப்பு. 'மேற்படி இடம்' என்று எழுதினால் என்ன என்றேன். மேற்படி என்றால் மேலே சொன்னபடி. மேலே எதுவுமே சொல்லவில்லை என்பதுதான் அதன் கண்ணியம். சபை கைதட்டியது.

'கோவாக் களிம்பை மேற்படி இடத்தில் தடவவும். கண்ணியம் காக்கவும்.'

தமுக்கடித்து ஊரெல்லாம் சொல்லி, வீட்டுக்கு ஒரு டப்பா கொடுத்தோம். சில சூட்சும புத்திக்காரர்கள் எப்படியோ சரியான இடத்தை ஊகித்துக்கொண்டார்கள். பண்ணாடியின் நிலத்தை வாரக் குத்தகைக்கு உழுத மாரப்பன் ஊகம் செய்கிற ஆளல்ல. பெரியவர்கள் சொன்னால் சொன்னபடி செய்கிறவன். அன்று சாயங்காலம் அவன் டப்பாவைத் திறந்து, நெற்றியிலிருந்து கழுத்துவரை களிம்பை வழித்து அப்பிக்கொண்டபோது, அவன் மனைவி செல்லாத்தாள் கேட்டாளாம்:

"ஏனுங்க, அரிக்கறது அங்க, மூஞ்சியில எதுக்குங்க பூசறீங்க?"

"மேல்படி எடம்னு தமுக்கடிச்சாங்கல்ல? ஒடம்புக்கு மேல்படி தலைதானே புள்ள? படிச்சவங்க சொன்னா அதுல ஒரு காரணம் இருக்கும்."

விடிந்தபோது அவன் முகம் ஊதாவும் பழுப்புமாக வெந்திருந்தது. கண்கள் இரண்டும் வீங்கி மூடிக்கொண்டன. இமையைப் பிரிக்கக்கூட முடியவில்லை.

செல்லாத்தாள் அவனைக் கைபிடித்து நடத்திக்கொண்டு நேரே சபைக்கு வந்துவிட்டாள். முன் அனுமதி பெறவில்லை. உட்காரச் சொல்லும்வரை நிற்கவுமில்லை. சுவரோரம் கிடந்த பெஞ்சில் அவனை உட்கார்த்திவிட்டுத் திரும்பினாள்.

"ஏனுங்க சாமி, எந்த எடம்னு ஒரு வார்த்தை சொல்லப்படாதுங்களா? தொடையிடுக்குன்னு சொன்னா உங்க நாக்கு வெந்து போகுமாங்க? எம் புருசன் மூஞ்சி வெந்து கெடக்குதே, பாருங்க!"

ஐயர் இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டார். பண்ணாடி விட்டத்தைப் பார்த்தார். சபையின் நிதானத்தை இங்கே எவ்வளவு புகழ்ந்தாலும் தகும். அந்தக் கணத்திலும் நாங்கள் பதறவில்லை. பொது இடத்தில் தகாத சொல்லை உரக்கச் சொன்னதற்காகச் செல்லாத்தாளைக் கண்டித்து ஒரு தீர்மானமும், 'மேற்படி' முதலிய சொற்களின் பொருள் அறியாத குடியானவர்களுக்காக இலக்கண வகுப்பு தொடங்குவது என்று மற்றொரு தீர்மானமும் ஏகமனதாக நிறைவேறின. நான் எழுதி முடித்து நிமிர்ந்தபோது பெஞ்சு காலியாக இருந்தது. பக்கத்து வீட்டு வண்டியைக் கெஞ்சிக் கேட்டு வாங்கி, அவள் அவனைப் பாலக்காட்டுக்குக் கொண்டுபோய்விட்டாள்.

சில நாட்கள் சென்றன. ஒரு காலையில் பண்ணாடி எனக்கு ஆளனுப்பினார். அதிகார நடை இப்போது இன்னும் அகன்றிருந்தது.

"டவுனுக்குப் போகோணுங்க. சும்மா, ஆசுபத்திரி எப்படி நடக்குதுன்னு பாத்துப் போட்டு வரலாம்."

வழி நெடுக அவர் வண்டியில் உட்காரவே இல்லை. மேல்கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே வந்தார். மேற்பார்வை என்பது அதுதான்.

ஆசுபத்திரித் தாழ்வாரத்தில் நல்ல கூட்டம். கண்களைச் சுற்றிக் கட்டுப்போட்ட மாரப்பன் ஒரு பாயில் உட்கார்ந்திருந்தான். செல்லாத்தாள் அவன் வாயில் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்தாள். அடுத்த வாய்க் கஞ்சியை ஊட்டினாள். பண்ணாடி அவளைப் பார்க்காதவர் போலச் சுவக்கீனிடம் போய்க் குனிந்து ஏதோ முணுமுணுத்தார்.

"எந்த எடத்துலீங்க?" என்றார் சுவக்கீன்.

"அதுதானுங்க... மேற்படி..."

"எனக்கு மேற்படியும் தெரியாது, கீழ்ப்படியும் தெரியாதுங்க. ஒருத்தருக்குக் கண்ணு போற மாதிரி ஆயிப் போச்சு. வலது கண்ணுல வெளிச்சம் தெரியுது, எடது கண்ணைக் கடவுள்தான் சொல்லோணும். இனிமே வாயைத் தொறந்து சொன்னாத்தான் மருந்து."

பண்ணாடி நெற்றியைத் துடைத்துக்கொண்டார். ஒருமுறை இடமும் வலமும் பார்த்தார். பிறகு, "தொடையிடுக்குலீங்க," என்றார்.

சங்கடத்தில் குரல் தேவைக்கு மேல் உயர்ந்துவிட்டது. தாழ்வாரம் முழுக்கக் கேட்டது. கூரை இடிந்து விழவில்லை. காத்திருந்த பெண்கள் யாரும் மயங்கவில்லை. தூணோரம் இருந்த ஒரு வயசாளி மட்டும், "எனக்கும் அங்கதானுங்க," என்றார்.

"களிம்பு எவ்வளவு பூசினீங்க?"

"டப்பா முழுக்கங்க."

"தோல் உரிஞ்சிருக்குமே! அது மெல்லிசா, கண்ணுக்குத் தெரியாத அளவுக்குத் தேய்க்க வேண்டியதுங்க. புண்ணான எடத்துல படவே கூடாதுங்க. இன்னிக்கே கழுவிப் போடுங்க. ஆறற வரைக்கும் தொடாதீங்க. ஈரத்துணி கட்டாதீங்க. அந்தக் காற்சட்டையையும் தூக்கி வெச்சுப் போடுங்க."

பண்ணாடி தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். அவ்வளவுதான். வந்த வேலை முடிந்தது.

அப்போது பாயிலிருந்து மாரப்பன் தலையைத் திருப்பினான்.

"நம்ம பண்ணாடிங்களா அது?"

பண்ணாடி கூரையைப் பார்த்தார்.

"பண்ணாடிங்களுக்கும் அங்கதானுங்களா? அன்னிக்கே இப்படி ஒரு வார்த்தை சொல்லியிருந்தீங்கன்னா, இன்னிக்கு உங்க மொகத்தைப் பாத்தே கும்பிட்டிருப்பனுங்க."

இதைச் சொல்லிவிட்டு, குரல் வந்த திசை பிடிபடாமல் சற்றுத் தடுமாறி, என்னை நோக்கிக் கைகூப்பினான்.