குத்துக்கல்வலசையில் அணு தெரிந்தது

அணுவைப் பார்த்துவிட்டேன் என்று பெருமையடித்தவர்கள் உலகத்தில் கொஞ்சம் பேர்தான். குத்துக்கல்வலசையில் அப்படிப் பெருமையடித்தவன் நான் ஒருவன்தான். வெட்கக்கேடு, சொல்லித்தான் ஆகவேண்டும்.

எண்பதுகளின் கடைசி. சென்னையில் முனைவர் பட்டத்துக்காக ஒரு கருவி கட்டிக்கொண்டிருந்தேன். ஊசியைவிடக் கூரான கம்பி முனை, பென்சில் கரித் துண்டின் மேல் தொடாமல் தடவிக்கொண்டே போகும். அணு அளவு மேடு பள்ளத்தைக்கூடத் தாளில் கோடாக வரைந்து காட்டும். (“தொடாம எப்படி மாப்ள தடவ முடியும்?” என்று மாமனார் கேட்டார்.) தெருவில் பஸ் போனாலே ஆய்வகம் அதிர்ந்து, கோடு கிறுக்கலானது. நாலு வருஷம் இப்படியே ஓடியது.

“சீசனுக்கு உன் மாமனார் ஊர்ப் பக்கம், குற்றாலம் வருவேன். அதுக்குள்ள ஓர் அணுவையாவது காட்டு. இல்லேன்னா வேற வேலை பாரு” என்றார் பேராசிரியர்.

சுற்றிலும் வயல், சத்தமே கிடையாது என்று குத்துக்கல்வலசை மாமனார் வீட்டுக்குக் கருவியைத் தூக்கி வந்தேன். எனக்கும் செண்பகத்துக்கும் கல்யாணமாகி ஆறு மாதம். தொட்டிலுக்கென்று அடித்து வைத்திருந்த கொக்கியில் சைக்கிள் டியூபைக் கட்டிக் கருவியைத் தொங்கவிட்டேன். மாமியார் பார்த்த பார்வை இருக்கிறதே!

மூன்றாம் நாள் காலை, தாளில் மேடு, பள்ளம், மேடு, பள்ளம். அச்சடித்த மாதிரி ஒரே சீர். “அணு! அணு!” என்று கத்தினேன். மாமனார் தெருவையே கூட்டி வந்துவிட்டார்.

“எங்க மாப்ள அணுவப் பிடிச்சுட்டாவ!”

மறுநாள் பேராசிரியர் ஐந்தருவியில் குளித்த ஈரத் தலையோடு வந்தார். கோடு தட்டையாக ஓடியது. பட்டம் போச்சு என்று நான் நினைத்த நேரத்தில், மேடு பள்ளம் கிளம்பியது. “அடேயப்பா!” என்று முதுகில் தட்டினார்.

புறவாசலிலிருந்து மாமியார் குரல் கேட்டது: “ஏட்டி செண்பகம், வடைக்கு மாவு போதும். கிரைண்டர நிப்பாட்டு.”

கோடு தட்டையானது.

(கிரைண்டர் கடகடத்தது இருவர் காதிலும் விழுந்துதான் இருந்தது. அணு தெரியும்போது அதையெல்லாம் யார் கவனிக்கிறார்கள்?)

“மறுபடி போடச் சொல்லு” என்றார் பேராசிரியர். செண்பகம் போட்டாள், அணு வந்தது. நிறுத்தினாள், போய்விட்டது. ஐந்து தடவை.

“ஏங்க, மாவு சூடாவுது. இன்னும் எத்தன தடவ?” என்றாள்.

“அப்போ அணு உளுந்துலயா இருக்கு?” என்றார் மாமனார், நிஜமான அக்கறையோடு. எனக்குச் செத்துவிடலாம் போலிருந்தது.

பேராசிரியர் ஆறு வடை சாப்பிட்டபின் வாயைத் திறந்தார். “கரியில அணு தெரியலை. ஆனா புறவாசல் கிரைண்டர் இவ்வளவு துல்லியமாத் தெரியுது. இந்த அதிர்வை எப்படித் தடுக்கலாம்னு ஆய்வை மாத்தி எழுது.”

எழுதினேன். அதிர்வு கொடுக்க அதே கிரைண்டர்தான். ஒரு வருஷம் தெருவே எங்கள் வீட்டு மாவில் இட்லி சாப்பிட்டது. பட்டமும் கிடைத்தது.

நான் ஓய்வு பெற்றும் வருஷங்களாயின. இன்றும் கிரைண்டர் ஓட ஆரம்பித்தால் செண்பகம் அடுக்களையிலிருந்து கூப்பிடுகிறாள்:

“ஏங்க, அணு வந்துட்டு. வந்து வழிச்சுப் போடுங்க!”