மாடு புகக்கூடாத மேய்ச்சல் நிலம்

மூலனூரை அடுத்த ஒரு கொறங்காட்டின் வெண்ணெய்க்கு, மேன்மை தங்கிய பூர்விகச் சுவை முத்திரை வாரியம் சான்று வழங்கிய வரலாற்றைச் சுருங்கக் கூறுவோம்.

கொறங்காடு என்பது கிளுவை வேலிக்குள் புல்லும் வேலமரமுமாக, மாடுகளுக்கென்றே விடப்பட்ட நிலம். அதன் உரிமையாளர் லிங்கசாமிக்கு அம்முத்திரை உயிர்நாடி. திருப்பூரில் பனியன் கம்பெனி நடத்தும் மகன் ரித்தீஷ் திட்டவட்டமாகச் சொல்லியிருந்தான்: "முத்திரை வந்தாப் பாக்கலாமுங்கப்பா. இல்லீனா காட்டை மனை போட்டறலாம்."

ஆய்வு அலுவலர் ஞானசம்பந்தம் காரில் எழுந்தருளினார். வெண்ணெயைத் தொட்டு நக்கினார்.

"இச்சுவைக்கு மூலகாரணம் யாது?"

"கொழுக்கட்டைப் புல்லுங்க."

புல்லைக் குனிந்து நோக்கியவர் முகம் சிவந்தது. "குட்டையாக உள்ளதே! யார் சேதப்படுத்தியது?"

"மாடு மேஞ்சதுங்க."

"மாடா! பூர்விக மேய்ச்சல் நிலத்திலா?"

"ஏனுங்க சார், பின்னே நானுங்களா மேய்வேன்?"

இக்கூற்றை அலுவலர் குறிப்பில் சேர்க்கவில்லை. 'மேய்ச்சல் நிலம் நீடித்திருப்பதற்கு மேய்ச்சலே தலையாய இடையூறு' என்று அறிக்கை வந்தது. மாடுகளை அப்புறப்படுத்தினால் முத்திரை உறுதி. ஆகவே லிங்கசாமி, மாடுகளுக்கான நிலத்தைக் காப்பாற்றும் பொருட்டு மாடுகளை விற்றார்.

மழை பெய்தது. புல் இடுப்பளவு வளர்ந்தது. முத்திரையும் வந்தது.

"முத்திரை இருக்குதுங்க. வெண்ணெய்க்கு எங்கீங்க போறது?" என்று அலுவலரைக் கேட்டார் லிங்கசாமி.

"முத்திரை நிலத்துக்கு உரியது, ஐயா. வெண்ணெய் எங்கிருந்து வந்தாலென்ன? இங்கே வைத்து ஒட்டுங்கள்."

லிங்கசாமி கூசினார். மகன் சிரித்தான். "நம்ம பனியன்ல வெளிநாட்டுக்காரன் பேரைத் தைக்கறப்ப கூசலீங்களாப்பா?"

வெண்ணெய் டின்களில் வேனேறி வந்தது. டப்பாக்களில் அடைத்து முத்திரை ஒட்டப்பட்டது. கொறங்காட்டிலேயே நடந்த விற்பனைத் திறப்பு விழாவுக்குப் பனியன் முதலாளிகள் குடும்பம் குடும்பமாய்த் திரண்டனர்.

அவ்வேளையில், விற்றுவிட்ட செவலைப்பசு அறுந்த கயிற்றுடன் வந்து, வேலிவாசல் படலை முட்டிக்கொண்டு நின்றது. லிங்கசாமியின் மனைவி ரங்காத்தாள் ஓடினாள். "ஏனுங்க, நம்ம செவலைங்க!"

"சத்தம் போடாதே! முத்திரை போயிரும்!" என்று, ஒருநாளும் மாட்டை அடித்தறியாத லிங்கசாமி தடியெடுத்து அதைச் சாலை வரை விரட்டினார்.

உள்ளே ஓர் அம்மையார் வினவினார்: "இவ்வளவு புல் இருக்குது, மாடு ஒண்ணையும் காணோமுங்களே?"

"மேய்ந்துவிடும், அம்மா!" என்றார் அலுவலர்.

எல்லோரும் கைதட்டினார்கள். வெளியூரார் ஒருவரும் இல்லை. அத்தனை பேரும் நம்மவர்களே. கைதட்டி முடித்ததும், அசல் கொறங்காட்டு வாசனை அடிக்கிறதென்று ஆளுக்கு இரண்டு டப்பா வாங்கிச் சென்றார்கள்.