மார்கழியில் வெள்ளம் வராது

வானிலையைப் பற்றி வாயே திறக்காத மாப்பிள்ளைதான் மாமனார் வீட்டில் மரியாதையோடு வாழ முடியும். ஐம்பதுகளின் கடைசியில், கல்யாணமான புதிதில், எனக்கு இது தெரியாது. தென்காசிக்காரன் என்ற திமிர் வேறு.

அந்த மார்கழியில் என் மாமனார் திருவேங்கடத்திலிருந்து வந்திருந்தார். மழைக்காக அண்ணாந்து பார்த்தே கழுத்து வலித்துப்போன கரிசல்காட்டு மனுஷன். அருவியை அதுவரை கண்ணால் கண்டதில்லை. அவரைக் குற்றாலத்துக்குக் கூட்டிப்போகக் கிளம்பினேன்.

"ராத்திரி மலைப்பக்கம் விடாம மின்னுச்சே, இன்னைக்கு வேண்டாமே" என்றாள் என் மனைவி கோமதி.

நான் சிரித்தேன். கார்த்திகையோடு மழை முடிந்துவிடும், மார்கழியில் பனி மட்டும்தான், அருவி நூல் மாதிரி விழும், பச்சைப்பிள்ளையைக்கூடக் குளிப்பாட்டலாம் என்று ஒரு பிரசங்கமே செய்தேன். (அன்று வருணபகவான் வந்திருந்தால் அவருக்கும் பாடம் எடுத்திருப்பேன்.)

குற்றாலத்தில் நல்ல வெயில். எண்ணெய் தேய்க்கிறவரிடம் மாமாவை உட்காரவைத்து, "நல்லாத் தேயும்வே, எண்ணெயில கஞ்சத்தனம் வேண்டாம்" என்று தாராளம் காட்டினேன். உச்சி முதல் உள்ளங்கால் வரை மாமா பளபளத்தார்.

அருவி நூலாக இல்லை. கொஞ்சம் தடித்துத்தான் விழுந்தது. அடியில் போய் நின்றதும், "அடேயப்பா, என்னா சுகம்!" என்று மாமா கூவினார். சற்று நேரத்தில் தண்ணீர் செம்மண் நிறமாகியது. சருகும் குச்சியும் தலையில் விழுந்தன.

"மாப்பிள, தண்ணி கலங்குதே?"

"மார்கழில்லா மாமா, மரம் இலை உதிர்க்கும்" என்றேன்.

"வெள்ளம் வருது! வெளிய வாங்க, ஓடியாங்க!" என்று கரையில் நின்றவர்கள் அலறினார்கள்.

மலையே சரிந்து வருவது போல இரைச்சல். ஒரு கையால் பாறையில் நட்டிருந்த இரும்புக் கம்பியைப் பற்றிக்கொண்டு மறு கையால் மாமாவின் தோளைப் பிடித்தேன். வழுக்கியது. முழங்கையைப் பிடித்தேன், வழுக்கியது. மணிக்கட்டும் அப்படியே. (தாராளம் காட்டினேன் அல்லவா?) "மாப்பிள, விட்டுராதிய" என்றார் மாமா. இவர் போய்விட்டால் கோமதி முன்னால் எந்த முகத்தோடு நிற்பேன்? நானும் கூடவே போய்விடுவதுதான் மரியாதை என்று தோன்றியது. வாய்விட்டு அழுதேன்.

துழாவிய கையில் மாமாவின் இடுப்பிலிருந்த அரைஞாண் கயிறு சிக்கியது. அவர் உடம்பில் வழுக்காத ஒரே பொருள் அதுதான். விரலில் சுற்றி முறுக்கிக்கொண்டேன். எண்ணெய் தேய்த்தவரும் வேறு சிலரும் கைகோத்து இறங்கி என்னை இழுத்தார்கள். நான் கயிற்றை இழுத்தேன். கயிற்றோடு மாமா வந்தார். அவர் கட்டியிருந்த துண்டு மட்டும் ஆற்றோடு தென்காசிக்குப் போய்விட்டது.

கரையில் இருவரும் பல் கிடுகிடுக்க உட்கார்ந்திருந்தோம். "மார்கழியில இப்படி ஒரு வெள்ளத்த எங்கப்பா காலத்துலயும் கண்டதில்ல" என்றார் எண்ணெய் தேய்த்தவர். எனக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது. மாமா என் பக்கம் திரும்பவேயில்லை.

அடுத்த வருஷம் எங்களுக்கு மகன் பிறந்தான். இடுப்பில் கயிறு கட்டுகிற அன்று மாமா தானே ஒரு கயிறு கொண்டுவந்தார். கிணற்று வாளியைக் கட்டி இறைக்கலாம், அத்தனை தடிமன்.

"பச்சப்பிள்ளைக்கு எதுக்குப்பா இது?" என்றாள் கோமதி.

"ஏட்டி, நாளைக்கு அவன் அப்பன் பேச்சக் கேப்பாம்லா? அறுந்திரக் கூடாதுல்லா" என்றார்.

இன்றும் எங்கள் குடும்பத்தில் ஆண்பிள்ளை பிறந்தால், "குற்றாலக் கயிறு வாங்கியாச்சா?" என்றுதான் கேட்கிறார்கள். பெயர்க்காரணம் சொல்ல என்னையே நடுவில் உட்காரவைக்கிறார்கள்.