பனிக்கு மடை கட்டியவர்

இனிமேல் ஊருக்குத் தர்மம் பண்ணுவதில்லை என்று ஈஸ்வரபாண்டி முடிவெடுத்தார். காரணம், பனி.

பொழுது சாய்கிற நேரத்தில், பேர் தெரியாத ஏதோ ஒரு தேசத்தில் பனி பெய்வதை டிவியில் பார்ப்பது அவர் வழக்கம். கதை கிடையாது, ஆள் கிடையாது. வெறும் பனி. பார்க்கப் பார்க்க வயல், உரம், வெயில் எல்லாம் கரைந்து, தானும் ஒரு வெள்ளைப் பொட்டாகிக் காற்றில் இறங்குவது போலிருக்கும். அந்தச் சுகத்துக்காகத்தான் வீட்டுக்கு இன்டர்நெட் பைபர் லைனே இழுத்தார். அவர் மனைவி யுவராணியோ அக்கம்பக்கத்து வீட்டுக்கெல்லாம் பாஸ்வேர்டைச் சொல்லிவைத்திருந்தாள். பக்கத்து வீட்டுக் கஸ்தூரியம்மாள் சீரியலைத் திறந்தால், இங்கே பனி பாதி வானத்தில் நின்றுவிடும்.

வாழ்நாளெல்லாம் வயல் பாசனத்தில் கடைமடையில் கிடந்தவருக்கு இந்த ஒரு வாய்க்காலில்தான் தலைமடை வாய்த்திருக்கிறது. விடுவாரா? யுவராணிக்கும் தெரியாமல் பாஸ்வேர்டை மாற்றினார்.

அன்று பனி தங்குதடையில்லாமல் பெய்தது. யுவராணி காபி கொண்டுவந்து வைத்தாள். பாஸ்வேர்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அப்போதே அவர் பயந்திருக்க வேண்டும்.

மறுநாள் வயலுக்குப் போனால் தண்ணீர் இல்லை. நெல் பால் பிடிக்கிற சமயம். அணையிலிருந்து லோயர் கேம்பில் இறங்கும் தண்ணீர் எத்தனை ஊர் தாண்டி வந்தாலும், கடைசியில் கஸ்தூரியம்மாள் புருஷன் ராக்கையாவின் வயல் வழியாகத்தான் இவர் வயலுக்கு வரவேண்டும். அங்கே மடையை மண் போட்டு அடைத்திருந்தது. வரப்பில் நின்ற ராக்கையாவிடம் ஈஸ்வரபாண்டி நேரே போனார்.

"என்ன மச்சான், ஒரு சீரியலுக்காக இப்பிடிப் பண்ணிட்டீக?"

ராக்கையா மண்வெட்டியைக் கழுவிக்கொண்டே நிதானமாகச் சொன்னார். "நானா அடைக்கல மாப்ள. உங்க வீட்லதான் வந்து சொன்னாக. ஒரு நாளைக்கு அடைச்சு வைங்கண்ணே, அவுக தன்னால ஓடி வருவாகன்னு."

ஓடித்தான் வந்தார். புதுப் பாஸ்வேர்டை யுவராணியிடம் ஒப்புவித்தார். அவள் சிரிக்கக்கூட இல்லை. போனை எடுத்து ஏதோ தட்டினாள். மத்தியானமே மடை திறந்தது, வயல் நனைந்தது. சாயங்காலம் நிம்மதியாகக் கட்டிலில் சாய்ந்து டிவியைப் போட்டார். லைன் சேரவே இல்லை.

"ஏ யுவராணி, நீயும் மாத்திட்டியா? என்னன்னு சொல்லு."

"எல்லா வீட்டுக்கும் முறை வச்சாச்சுங்க," என்றாள் அவள், வெங்காயம் உரித்தபடி. "மத்த வீடுக பாஞ்சு முடியட்டும். உங்க முறை வந்ததும் நானே தொறந்து விடுறேன்."