தவுக்கேயின் இடது கண்

என் மகளைக் கட்டிக்கொண்டு, தன் மீனை என் தலையில் கட்டிவிட்டுக் கோலாலம்பூர் போன அருமை மாப்பிள்ளை யாப் வெய் லூன் அவர்களுக்கு, மூவாரிலிருந்து மாமனார் கோ தியான் செங் எழுதுவது. இங்கே மீன் நலம். மீன் நலமாக இருப்பதால் நானும் நலமாக இருக்க அனுமதி கிடைத்திருக்கிறது. அங்கே உங்கள் நலமும், சியூ இம் நலமும், அந்த உயரமான கட்டடத்தின் லிஃப்ட் நலமும் அறிய ஆவல்.

அதிர்ஷ்ட மீன் என்று வாங்கி, முதலாளி என்று அர்த்தம் வர 'தவுக்கே' என்று பேரும் வைத்தீர்களே, அதைக் காட்டிப் போகும்போது நீங்கள் சொன்னது காதிலேயே நிற்கிறது. "மாமா, தவுக்கேக்கு இடது கண்ணு கீழ தொங்குது. டிராகன் மீனு கீழ பாத்தா என் வியாபாரமும் கீழ போயிரும். கண்ணு சரியானதும் வேன் அனுப்புறேன். மீனோட நீங்களும் ஏறி வந்துருங்க. வீட்டைப் பூட்டிரலாம்" என்றீர்கள். மீன் வாங்கினால் உடன் ஐஸ்கட்டி தருவார்கள், பார்த்திருக்கிறேன். மாமனாரையும் சேர்த்துக் கட்டுவது புது வழக்கம். நல்லது.

மீன் வைத்தியர் குவெக்கைக் கூப்பிட்டேன். அவன் மயக்கமருந்து கலந்த தண்ணீரில் தவுக்கேயைத் தூங்க வைத்து, கண்ணுக்குப் பின்னால் இருந்த கொழுப்பை வழித்தெடுத்தான். நான்தான் ஈரத்துண்டில் பிடித்துக்கொண்டேன். என் கை நீளத்துக்கு இருக்கிறது, இறால் தின்று வளர்ந்த உடம்பு. அது தின்பது உயிரோடு துள்ளும் இறால், நான் தின்பது உப்பு முட்டையும் கஞ்சியும். போகட்டும். எனக்குக் கண்ணில் புரை எடுத்தபோது நீங்கள் போனில் ஒரு கட்டைவிரல் படம் அனுப்பினீர்கள். மீனுக்கு எடுத்தபோது குவெக் கையைக் கழுவுவதற்குள் போன் மேல் போன். "மூச்சு விடுதா மாமா?" என்று நீங்கள் அழுத அழுகையில் எனக்கே மூச்சு நின்றுவிட்டது. என் மூச்சைப் பற்றிக் கேட்டீர்களா?

அப்புறம் குவெக் வீட்டைச் சுற்றிப் பார்த்தான். தொட்டிக்குப் பக்கத்தில், தாழ்வாக, நாலு பேர் உட்கார்ந்து காய் ஆடும் எங்கள் மாஜோங் மேசை. "பெரியப்பா, கண்ணு ஏன் தொங்குதுன்னு இப்பத்தான் புரியுது. இந்த மீனு பொழுதன்னிக்கும் கீழ உங்க காயைப் பாத்துக்கிட்டு நிக்குது. மேல பாத்தாத்தான் கண்ணு ஏறும்" என்றான்.

மேலே பார்க்க வைப்பதற்காகத் தண்ணீரில் பிங்பாங் பந்து மிதக்க விட்டோம். தவுக்கே அதை ஒரே இடி இடித்து, மூடி எகிறி, பந்து போய் முடிதிருத்தும் ஆ சூனின் காப்பியில் விழுந்தது. "ஊர்ல அவனவன் நாய் வளக்குறான், நீ முதலாளியை வளக்குற!" என்று கத்தினான். விளையாட்டை நிறுத்தலாமா என்று கேட்டேன். நூடுல்ஸ் கடை கெக் லான் இருக்கிறாளே, புருஷன் போன நாளில்கூட அப்படி முறைத்திருக்க மாட்டாள்.

"யோவ் தியான் செங், மீனு மேல பாக்கணும், அவ்வளவுதானய்யா? மேசையை மேல தூக்கு!"

தூக்கினோம். செங்கல்லை அடுக்கி அடுக்கி, மேசை தொட்டி விளிம்புக்கு மேலே போய்விட்டது. நாங்கள் உயர நாற்காலியில் கால் தொங்க உட்கார்ந்திருக்கிறோம். கெக் லான் குள்ளமில்லையா, பிஸ்கட் டின்னில் கால் வைத்து ஏறுவாள். எதிர்வீட்டுக்காரன் ஜன்னலில் எட்டிப் பார்த்து, "என்ன பெரியவரே, வீட்டுக்குள்ள நாடகமா?" என்றான். நாலாவது கை இல்லாமல் இருந்ததால் குவெக்கையே உட்கார வைத்துவிட்டோம். வைத்தியரும் ஆச்சு, கையும் ஆச்சு.

மாப்பிள்ளை, தவுக்கே மேலே பார்த்தது! அண்ணாந்து அண்ணாந்து பார்த்தது. கெக் லானுக்கு நல்ல காய் வந்தால் வாயைத் திறக்கும். "இவ மீனுக்கு இறால் குடுத்து மயக்கிட்டா"ன்னு ஆ சூன் சண்டை. "உன் மூஞ்சிக்கு நீ குடுத்தாலும் திங்காது போ"ன்னு இவ. இப்படியே சிரிச்சு, சண்டை போட்டு, ஓலையில மடிச்ச மீன் விழுதைச் சுட்டுத் தின்னு, கண்ணு கொஞ்சம் கொஞ்சமா ஏறிருச்சு.

போன வாரம் சியூ இம் பேசினா. "அப்பா, சீக்கிரம் வாங்க. இங்க ஏசி இருக்கு, கீழ நீச்சல்குளம் இருக்கு, ஜன்னல்ல ஊரே தெரியும்" என்றா. "மீனுக்கா, எனக்கா?" என்றேன். "ஐயோ அப்பா!" என்றா. "அங்க மாஜோங்குக்கு மூணு பேர் கிடைப்பாங்களா?" என்றேன். "பக்கத்து வீட்டுல யாரு இருக்கான்னே தெரியாதுப்பா" என்றா. அருமையான இடம்தான். நான் ஒண்ணும் குறை சொல்லல. வயசான காலத்துல பேச்சுத் தொல்லை இல்லாம, ஜன்னல் வழியா ஊரைப் பாத்துக்கிட்டு, தொட்டிக்குள்ள இருக்குற மாதிரி நிம்மதியா இருக்கலாம்.

ஆகவே மகிழ்ச்சியோடு தெரிவிப்பது: தவுக்கேக்கு இரண்டு கண்ணும் நேராகிவிட்டது. குவெக் பார்த்து, பயணத்துக்குத் தயார் என்றான். ஞாயிற்றுக்கிழமை வேனை அனுப்புங்கள். சட்டைகளை மடித்துவிட்டேன், கெட்டிலைத் துணியில் சுற்றிவிட்டேன். செங்கல்லையும் எடுத்தாச்சு.

உங்கள் கடையில் கூட்டம் வாசல் வரை நிற்கட்டும். என் மகள் சமைத்ததை நீங்கள் குறை சொல்லாமல் தின்னும் புத்தி வரட்டும். லிஃப்ட் நடுவில் நிற்காதிருக்கட்டும்.

இப்படிக்கு,
மீனுக்குத் துணையாக வரும் சாமான்,
கோ தியான் செங்

பி.கு.: கடிதத்தை ஒட்டுறதுக்கு முன்னால, கடைசியா ஒரு ஆட்டம் போடலாம்னு கெக் லான் சொன்னா. செங்கல் எடுத்த மேசைதான், பழையபடி கீழ. சும்மா ஒரு ஆட்டம்னு உக்காந்தது, சனிக்கிழமை பூராவும் ஓடிருச்சு. தவுக்கே கண்ணாடியில ஒட்டிக்கிட்டுக் கீழயே பாத்துச்சு. இப்ப இடது கண்ணு மறுபடி தொங்குது. வலதும் கொஞ்சம் அப்படித்தான் தெரியுதுன்னு குவெக் சொல்றான், தன் காயிலேர்ந்து தலையைத் தூக்காமலே. வைத்தியத்தை முதல்லேர்ந்து ஆரம்பிக்கணுமாம். கீழ பாத்தா தொங்கும்னு தெரிஞ்சும் மேசையை ஏன் இறக்குனீங்கன்னு கேப்பீங்க. ஆ சூனுக்கு முட்டி வலி. வேனை அனுப்பாதீங்க. எனக்கென்ன, மீனுக்காகத்தான் சொல்றேன். கெட்டிலைப் பிரிச்சாச்சு, தண்ணி கொதிக்குது, நாலு பேருக்கு.