இந்த வருஷம் தேங்காய் வேண்டாம், மச்சான்

தாத்தோ கெராமாட், பினாங்கு.
தைப்பூசத்துக்கு இரண்டு வாரம் முன்பு.

அன்பும் பெருந்தன்மையும் நிறைந்த மச்சான் யுகேந்திரன் அவர்களுக்கு,

உங்கள் அக்காள் புருஷன் மோகனராஜ் எழுதிக்கொள்வது. இங்கு உங்கள் அக்காள் ஜெகதீஸ்வரி மிக மிக நலம். நான் இடது பக்கம் நலம். வலது பக்கத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம். கெப்பாலா பத்தாஸில் நீங்களும், தங்கச்சி சுபாஷினியும், மகனும், தென்னந்தோப்பும் நலமாக இருக்க முருகன் துணை செய்வானாக.

வாட்சாப்பில் சொல்லாமல் ஏன் தாளில் எழுதுகிறேன் என்று கேட்பீர்கள். போன வருஷம் ரதம் வந்தபோது நான் எறிந்த தேங்காய் உடையாமல் துள்ளி ஓடியதை வீடியோ எடுத்து, அதற்குப் பாட்டும் சேர்த்து, குடும்பக் குழுவில் போட்ட மகான் யார் என்று எனக்குத் தெரியும். தாளுக்குப் பாட்டு சேர்க்க உங்களால் முடியாது.

விஷயத்துக்கு வருகிறேன். ரதம் நம் வாசலைத் தாண்டும்போது நீங்கள் லாரியில் கொண்டுவரும் தேங்காய்களை வருஷா வருஷம் நான்தான் உடைப்பேன். தலைக்கு மேல் தூக்கி ஓங்கி அடித்தால் தண்ணீர் எதிர்வீட்டு கேட் வரை தெறிக்கும். துறைமுகத்தில் கன்டெய்னர் தூக்கிய கை என்று ஜனங்கள் பேசிக்கொள்வார்கள். தூக்கியது கிரேன், இவர் உள்ளே உட்கார்ந்து பட்டனை அழுத்தினார் என்று உங்கள் அக்காள் சொல்வாள், அதை விடுங்கள். போன வருஷம் கை காது வரைக்கும் போய் அங்கேயே நின்றுவிட்டது. தேங்காய் சும்மா கைநழுவி விழுந்து, துள்ளி, நாலு பேர் காலுக்கு இடையில் உருண்டு, காவலுக்கு நின்ற போலீஸ்காரர் பூட்ஸில் போய் முட்டியது. ஷாருல் என்று சட்டையில் பெயர் போட்டிருந்த அந்தப் பையன் அதைத் துடைத்து, இரண்டு கையாலும் என்னிடம் கொடுத்து, மாமா என்கிற மரியாதையோடு "பாக்சிக், இன்னும் நல்லாத்தான் இருக்கு, கறிக்கு ஆகும்" என்று மலாயில் ஆறுதல் சொன்னான். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். கை கால் சுகமாக இருக்க வேண்டும் என்று வேண்டித்தான் நான் தேங்காயே உடைக்கிறேன். அந்தக் கையே வரமாட்டேன் என்றால் நான் யாரிடம் போய்ச் சொல்வது?

அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை மச்சான். யாருக்கும் தெரியாமல் பின் சந்தில் பயிற்சி எடுக்கலாம் என்று ஒரு தேங்காயை எறிந்தேன், அது சுவரில் பட்டு, பக்கத்து வீட்டு ரோஹானா அக்காவின் சமையலறைக்குள் போய்விட்டது, மறுநாள் அதே தேங்காய் மசாக் லெமாக் என்கிற தேங்காய்ப்பால் குழம்பாகத் திரும்பி வந்தது, குழம்பு பிரமாதம், ஆனால் விஷயம் தெருவுக்கே தெரிந்துவிட்டது. சரி, உடம்பை ஏற்றுவோம் என்று அரிசி மூட்டையைத் தலைக்கு மேல் தூக்கப் பார்த்தேன், தோளில் ஏதோ பிடித்துக்கொண்டது, பனியனைக் கழற்றினால் தேவலாம் என்று கழற்றினேன், அது தலையில் பாதி, கையில் பாதியாக மாட்டிக்கொண்டது, அந்த நேரம் பார்த்து உங்கள் அக்காளும் அவளோடு பூங்காவில் உடற்பயிற்சி செய்கிற பெண்கள் கூட்டமும் டீ குடிக்க உள்ளே வந்தார்கள். முகம் மூடியிருந்ததால் யார் யார் சிரித்தார்கள் என்று பார்க்க முடியவில்லை. உங்கள் அக்காள் சிரிப்பு மட்டும் தெரியும்.

பிறகு பிசியோவுக்குப் போனேன். அங்கே நூர் ஃபாத்திஹா என்று நம்ம தமிழ்ப் பிள்ளை. "அங்கிள், இந்தக் கையால என்ன செய்யணும்னு ஆசை?" என்று கேட்டது. மற்றவர்கள் தலை வாரணும், துணி காயப்போடணும் என்கிறார்கள். நான் தேங்காய் உடைக்கணும் என்றேன். அந்தப் பிள்ளை சிரிக்கவே இல்லை. "தோள் பழைய உயரத்துக்கு வராது லா அங்கிள். ஆனா கால் இருக்கு, இடுப்பு இருக்கு. அதெல்லாம் ஏன் சும்மா வச்சிருக்கீங்க?" என்று சொல்லி, ஒரு ரோஸ் கலர் ரப்பர் பட்டையைக் கொடுத்து ஜன்னல் கம்பியில் கட்டி இழுக்கச் சொன்னது. அறுபத்தெட்டு வயதில் ரோஸ் கலர் பட்டையோடு ஜன்னலில் மல்லுக்கட்டுகிறேன். முழங்காலை மடக்கி உட்கார்ந்து எழுந்திருக்கவும் சொன்னது. நான் உட்காருவேன், எழுந்திருக்க உங்கள் அக்காளைக் கூப்பிடுவேன். அவளோ கைக்கு ஒரு தேங்காயைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து எழுந்து உட்கார்ந்து எழுந்து, நடுவில் டிவியும் பார்க்கிறாள். இப்போது கொஞ்ச நாளாக நானே எழுந்துவிடுகிறேன், அது வேறு விஷயம்.

ஆனால் கை வரவில்லை மச்சான். காதைத் தாண்ட மாட்டேன் என்கிறது. ஜெகதீஸ்வரி, "தலைக்கு மேல தூக்கித்தான் உடைக்கணும்னு முருகன் உங்ககிட்ட சொன்னாரா? இடுப்புக்கிட்ட இருந்து போடுங்க" என்கிறாள். அத்தனை ஜனம் பார்க்க, குனிந்துகொண்டு, குழந்தை பந்து உருட்டுவதுபோல் நான் போடுவதா? எனக்கு வெட்கமாக இருக்கிறது. பயமாகவும் இருக்கிறது. இன்னொரு தடவை அது துள்ளினால் நான் அந்த வாசலில் எப்படி நிற்பேன்?

ஆகவே தீர்மானித்துவிட்டேன். இந்த வருஷம் தேங்காய் வேண்டாம். லாரி எடுக்காதீர்கள். ரதம் வரும்போது நான் உள்ளே படுத்திருப்பேன். காய்ச்சல் என்று சொல்லிவிடுங்கள். உடைத்தே ஆகவேண்டும் என்றால் உங்கள் மகன் அவன் வீட்டு வாசலில் உடைத்துக்கொள்ளட்டும், அங்கே ரதம் வராது என்றாலும் பரவாயில்லை.

தங்கச்சிக்கு என் அன்பு. மகனுக்கு ஆசி. உங்கள் எல்லார் தோள்களும் என்றும் தலைக்கு மேல் உயர ஆண்டவனை வேண்டும்,

மோகனராஜ்

பின்குறிப்பு: கடிதத்தை மேசையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். உங்கள் அக்காள் படித்துவிட்டாள். சமையலறையில் மிச்சமிருந்த ஒரு தேங்காயைக் கொண்டுவந்து என் கையில் வைத்துவிட்டு, கார் நிறுத்தும் இடத்தில் ஓரமாகப் போய் நின்றாள். அவள் ஒருத்திதானே பார்க்கிறாள் என்று முழங்காலை மடக்கி, இடுப்பைத் திருப்பி, அந்தப் பிள்ளை சொன்னபடியே, கீழிருந்து போட்டேன்.

தேங்காய் தூள். புது டைல்ஸும் உடைந்துவிட்டது. ரோஹானா அக்கா வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்துக் கை தட்டினார்.

ஆகவே மேலே எழுதியதை எல்லாம் மறந்துவிட்டு லாரி எடுங்கள். முதல் தேங்காய் என்னுடையது, அடுத்தது ஜெகதீஸ்வரி கேட்கிறாள், மிச்சத்தை உங்கள் மகன் உடைக்கட்டும். வரும்போது நீலப் பூப்போட்ட டைல்ஸ் கிடைத்தால் வாங்கி வாருங்கள். வீடியோவும் எடுங்கள் மச்சான். இந்தத் தடவை பாட்டு சேர்க்க வேண்டாம், உடைகிற சத்தம் கேட்கட்டும்.